பல்லில் கவ்விய கத்தி

பிப்ரவரி 6, செவ்வாய்

நர்ஸம்மா எழுதச் சொன்னார்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வெளிக்குப் போனார், காய்ச்சல் உண்டா, வயிறு கூடியிருக்கிறதா, எல்லாவற்றையும் எழுதி அடுத்த தடவை கொண்டுவர வேண்டுமாம். ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. பத்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

இட்லி இரண்டு. உப்பில்லாத பருப்பு. காய்ச்சல் இல்லை. கண் மஞ்சள்தான். வயிறு நேற்றுப்போலவே.

யார் வயிறு என்று டாக்டரம்மா கேட்கக் கூடாது அல்லவா? ஜெய்லானி, வயது நாற்பத்தாறு, நகராட்சி ஆட்டு அறுப்புக்கூடத்தில் தோல் உரிப்பவர். எழுதுவது அவர் மனைவி கமருன்னிசா. கூடத்திலிருந்து வரும் தலை, கால், குடலைச் சுத்தம் செய்து வீட்டு வாசலில் விற்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மா மௌத்தாகிப் போனபோது என் தம்பி சிக்கந்தர் என் இடுப்பில் இருந்தான். இறக்கிவிடாமல் அவனோடுதான் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தேன். அக்காவான என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவான். இப்போது அவனும் கூடத்தில் இவருக்கு ஜோடி. ஒரு கொக்கிக்கு இரண்டு பேர். ஒருவர் தோலை இழுக்க, மற்றவர் கத்தி போட வேண்டும்.

தலைக்கறிக்கு ஆள் வந்துவிட்டது. மீதி நாளைக்கு.

பிப்ரவரி 9, வெள்ளி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஹெபடைட்டிஸ் பி. காமாலையில் ஒரு வகையாம். வந்து பல வருஷம் ஆகியிருக்கும், சத்தம் போடாமல் ஈரலைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. போன வருஷம் கண் மஞ்சளானபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், மஞ்சள் போய்விட்டது. நோயும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

"ரத்தத்துல பரவுற கிருமி" என்றார் டாக்டரம்மா.

இவர் சிரித்துவிட்டார். "எங்க பொழப்பே ரத்தத்துலதானே டாக்டரம்மா. ஆட்டு ரத்தமா?"

"ஆட்டு ரத்தம் இல்லைங்க. மனுஷ ரத்தம்."

"அப்ப எங்க கூடத்துல அதுக்கு வேலையே இல்லை" என்றார் இவர்.

வெளியே வரிசை வாசல் வரை நின்றது. "வீட்டம்மா நீங்களும் டெஸ்ட் எடுத்துடுங்க, கூட வேலை பாக்கறவங்களையும் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த சீட்டை எடுத்தார். நான் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் இவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு எடுத்து வைத்தேன். டம்ளரில் நூல் கட்டி அடையாளம் செய்தேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "புது மாப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி வைக்கிறியே கமரு" என்றார். கேலிதான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 10, சனி

காலை: கஞ்சி அரை டம்ளர். மாத்திரை போட்டார். கால் வீக்கம் கொஞ்சம்.

இன்று வேலை அதிகம். நாலு தலை வாட்டினேன். மயிர் கருகும் நெடி இவருக்கு ஆகவில்லை, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இவர் கத்தி சும்மா இருக்கிறதே என்று இப்போது காலையில் சிக்கந்தர் கூடத்துக்கு எடுத்துப் போகிறான். வேலை முடிந்து கொண்டுவந்து தந்தால் எனக்கு. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி. தாடை எலும்பின் இடுக்கில் வைத்தால் தானே வழி கண்டுபிடித்துப் போகும். என் கத்தியும் ஒரு கத்தியா?

குடலைத் திருப்பும்போது இரண்டு கையும் வேண்டும். அப்போது கத்தியைப் பல்லில் கவ்விக்கொள்வேன். கல்யாணமான புதிதில் இவர் சொல்லிக் கொடுத்த வித்தை. கீழே வைத்தால் மண் ஒட்டும், இடுப்பில் செருகினால் சேலை கிழியும். கூடத்தில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம்தான். ஜோடியில் கை மாறும்போது கத்தி இவர் வாயிலிருந்து சிக்கந்தர் வாய்க்குப் போகும்.

வேலை முடிந்ததும் இவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக வெந்நீரில் போட்டுக் கழுவினேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சிக்கந்தர் கண் சிவந்து வந்தான். கூடத்து வாசல் டீக்கடையில் இவர் குடிக்கும் கிளாஸில் சிவப்புப் பெயின்ட் அடித்து ஆணியில் மாட்டிவிட்டார்களாம். இவர் அங்கே போயே வாரக் கணக்காகிறது.

"வராத மனுசனுக்கு எதுக்குடா தனி கிளாஸுன்னு சட்டையப் புடிச்சிட்டேன் லாத்தா."

"கைய வச்சியா?"

"வைக்கல. கூட வேலை பாக்குற நாகூர் கனி அண்ணன் புடிச்சி இழுத்துட்டாரு."

அவனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே இருக்கும்போது அடுப்படிப் பலகையில் நூல் கட்டிய டம்ளர் கண்ணில் பட்டது. அவனும் பார்த்தான். கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மார்ச் 5, செவ்வாய்

இவர் தினமும் ஒரே கேள்வி. "டெஸ்ட் எடுத்துட்டியா கமரு?" நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நேற்றிரவு இவர் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டார். "எங்கிட்டருந்து உனக்கு வந்திருந்தா அல்லாட்ட நான் என்ன பதில் சொல்றது?" என்று அழுதார். கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை.

இன்று செய்த வேலை: விடியலில் இவருக்கு வெந்நீர். சிக்கந்தர் கொண்டுவந்த ஆறு குடலையும் சுண்ணாம்பு போட்டுக் கழுவினேன். கால் வாட்டினேன். மதியம் வரை வியாபாரம். அப்புறம் இவர் துணிகளைத் துவைத்தேன். சாயங்காலம் மாத்திரை வாங்க மருந்துக்கடை வரை போய் வந்தேன்.

இரவு இவரிடம், எடுத்தாச்சு, எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். இரண்டு தோசை சாப்பிட்டார். வெகு நாளைக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

மார்ச் 12, செவ்வாய்

முதல் நோன்பு. டாக்டரம்மா இவரை நோன்பு வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பகலில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றால் இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார், திருடன் மாதிரி.

நோன்பு திறக்க சிக்கந்தர் வந்தான். டெஸ்டில் கமருவுக்கு ஒன்றுமில்லையாம் என்று இவர் அவனிடம் சொன்னார். எத்தனை சந்தோஷமாகச் சொன்னார்! நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்ப நீயும் ஒரு எட்டு போயிட்டு வந்துடு மாப்ளே" என்றார் இவர்.

"சரி மச்சான்" என்றான். அவன் சரி என்றால் என்ன அர்த்தம் என்று வளர்த்தவளுக்குத் தெரியாதா?

மார்ச் 28, வியாழன்

வயிறு பானை போலாகிவிட்டது. மதுரைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் எடுத்தோம். இவர் எடையே குறைந்துவிட்டது. சிக்கந்தர்தான் தூக்கி ஆட்டோவில் வைத்தான்.

ஏப்ரல் 11, வியாழன்

பெருநாள். புதுச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. பள்ளிவாசலுக்குப் போக முடியவில்லை. கூடத்து ஆட்கள் தொழுகை முடிந்து வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று கை உயர்த்தி சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் கட்டித் தழுவவில்லை. சிக்கந்தர் உள்ளே வந்து இவரைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

பேச்சு குழறுகிறது. என்னை அவர் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஏப்ரல் 27, சனி

பஜ்ரு பாங்குக்கு முன்னால், விடிவதற்குள் இவர் போய்விட்டார்.

மே 3, வெள்ளி

நர்ஸம்மாவுக்காக எழுதியது. இனி யாருக்காக எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இத்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். கணவனை இழந்தவள் வாசல் தாண்டக் கூடாத காலம். வியாபாரம் இல்லை, அடுப்பில் தலை வாட்டும் நெடி இல்லை. கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்கிறதா?

மய்யித்தைக் குளிப்பாட்ட ஆள் வரத் தயங்கினார்கள். கிருமி தண்ணீரில் வழிந்து வரும் என்று யாரோ சொன்னார்களாம். சிக்கந்தர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "என் மச்சானை நான் குளிப்பாட்டிக்கிறேன், நீங்க தண்ணி மட்டும் மோந்து குடுங்க" என்றான். பிறகுதான் இரண்டு பேர் கூட நின்றார்கள்.

இவர் கத்தியை இவருடைய பழைய சட்டையில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

மே 16, வியாழன்

சிக்கந்தருக்குப் பெண் பார்த்தது முடிவாகிவிட்டது. பெண் நத்தம் பக்கம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இதைப் பார்க்க இவர் இல்லையே என்று இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

பிறகு அவன் கத்தி கேட்டான். பெருநாளன்று குர்பானி ஆடு அறுக்க வீடு வீடாகப் போக வேண்டும். இதுவரை ஜோடியாகப் போவார்கள். இந்த வருஷம் நாகூர் கனி அண்ணனோடு போகிறானாம்.

"ஜோடிக்காரன் போயிட்டா கத்தி ஜோடிக்குத்தான் லாத்தா. கூடத்து வழக்கம் அது. துருப்புடிக்க விடக் கூடாது. நாகூர் கனி அண்ணனும் கேட்டாரு, அந்தக் கத்தி இருந்தா வேலை பாதின்னு."

தனி கிளாஸை ஆணியில் மாட்டியவர்களுக்குக் கத்தி மட்டும் வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் கேட்டேன், "மச்சான் சொன்னாரே, டெஸ்ட் எடுத்தியா?" என்று.

"எனக்கு எதுக்கு? உனக்கே இல்லேன்னு வந்துடுச்சுல்ல. நீ அவரு பொண்டாட்டி. அதே கத்தியத்தான் நீயும் கவ்வுன. உனக்கு வராதது எனக்கு எங்கருந்து வரும்? நிக்காஹ்வ வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னா ஊரு என்ன பேசும்?"

நான் பெருநாள் வரட்டும் பார்க்கலாம் என்றேன். கத்தியைப் பற்றிச் சொன்னேனா, மற்றதைப் பற்றிச் சொன்னேனா? அவன் கத்தி என்று எடுத்துக்கொண்டான்.

மே 29, புதன்

நல்ல கோடை மழை. ஓடு ஒழுகுகிறது. பாத்திரம் வைத்தேன்.

சிக்கந்தர் சாப்பிடாமல் போகிறான். அசதியாக இருக்கிறது என்கிறான். வெயில் காலம், யாருக்குத்தான் அசதி இல்லை? இவரும் போன வருஷம் வெயிலைத்தான் சொன்னார்.

இத்தா முடிந்ததும் நானும் டெஸ்டுக்குப் போக வேண்டும்.

ஜூன் 8, சனி

பெருநாளுக்கு வாங்கிய கிடாய் இரண்டைக் கொல்லையில் கட்ட சிக்கந்தர் வந்தான். இத்தாவில் வேற்று ஆண் முன்னால் வரக் கூடாது. கூடவே நாகூர் கனி அண்ணனும் வந்திருந்தார் என்பதால் நான் உள்ளறையில் இருந்தேன். கதவிடுக்கில் கொல்லை தெரியும்.

நான் கொடுக்கவில்லை, அவனே அலமாரியைத் திறந்து கத்தியை எடுத்திருக்கிறான். சாணைக்கல்லில் தீட்டினான். ஆட்டின் கயிறு சிக்கிக்கொண்டது. இரண்டு கையும் வேண்டும் என்று கத்தியைப் பல்லில் கவ்வினான். கிடாய் முட்டியது. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது.

அவன் சிரித்துக்கொண்டே கத்தியைத் துணியில் ஒரு இழுப்பு இழுத்து நாகூர் கனி அண்ணனிடம் நீட்டினான். அவர் வாங்கி, கயிற்றை அறுத்துவிட்டு, அடுத்த முடிச்சை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும் என்று வாயருகே கொண்டுபோனார்.

இத்தாவாவது ஒன்றாவது. நான் கத்திவிட்டேன். "அண்ணே, வாயில வைக்காதீங்க!"

இரண்டு பேரும் திகைத்து நின்றார்கள். நாகூர் கனி அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வெளியே போய்விட்டார்.

ஆட்டு ரத்தம் இல்லை, மனுஷ ரத்தம் என்று டாக்டரம்மா சொன்னபோது, கூடத்தில் அதற்கு வேலையே இல்லை என்றாரே இவர். விரல் வெட்டாமல் அங்கே ஒரு நாள் போயிருக்குமா? வெட்டினால் கொழுப்பைத் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஆட்டுக்குப் போய்விடுவார்கள். கை முழுக்க ஆட்டு ரத்தமாக இருக்கும்போது, அதில் நம் ரத்தம் எது என்று யார் பார்த்தார்கள்? எத்தனை வருஷம் அது இவர் வாயிலிருந்து அவன் வாய்க்கும், என் வாய்க்கும் வந்திருக்கும்?

ஜூன் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நான் டெஸ்ட் எடுக்கவில்லை. மார்ச்சில் எடுக்கவில்லை, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எனக்கு இருக்கிறது என்று வந்தால் இவர் அந்தத் துக்கத்திலேயே போவார், இல்லை என்று சொன்னால் நிம்மதியாகப் போவார் என்று நினைத்தேன். நினைத்தபடிதான் போனார். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஆனால் போனவருக்குச் சொன்னதை இருப்பவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வைத்தியத்துக்கு என்றால் இத்தாவிலும் வெளியே போகலாம் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை.

ஜூன் 10, திங்கள்

சிக்கந்தரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "நான் எடுக்கவே இல்லடா தம்பி. உன் மச்சான்ட்ட சொன்னது பொய்."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டான். "நீ சொன்னதை நம்பித்தானே லாத்தா நான் பொண்ணு வீட்டுக்கு வாக்கு குடுத்தேன்!"

"அதான் சொல்றேன். எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. வா, ரெண்டு பேருமாப் போவோம்."

"போ. நீ மட்டும் போ."

புர்காவைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். இத்தாவில் இருப்பவள் பட்டப்பகலில் வெளியே போகிறாள் என்று எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பார்க்கட்டும். தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் ஆட்டோ சத்தம். "ஏறு லாத்தா" என்றான் சிக்கந்தர். ஆஸ்பத்திரி வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான்.

ரத்தம் கொடுத்தோம். அவன் நரம்பு தடிமன், உடனே கிடைத்தது. என்னைத்தான் இரண்டு தடவை குத்தினார்கள்.

ஜூன் 12, புதன்

எனக்கு இல்லை. சிக்கந்தருக்கு இருக்கிறது.

டாக்டரம்மாவிடம், "அதே கத்தி, அதே வீடு, எனக்கு எப்படி இல்லை?" என்று கேட்டேன். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, ஒருவர் முடிவை வைத்து இன்னொருவருக்குச் சொல்லவே முடியாது என்றார். எனக்கு இன்றே முதல் தடுப்பூசி போட்டார்கள். அவனுக்கு ஈரல் இன்னும் கெடவில்லையாம். மதுரையில் இன்னும் சில பரிசோதனை, அப்புறம் தேவைப்பட்டால் தினம் ஒரு மாத்திரை. விடாமல் பார்த்துக்கொண்டால் வயதாகும் வரை இருக்கலாம். பெண்ணுக்கும் பரிசோதனை செய்து தடுப்பூசி போட்டுவிட்டால் நிக்காஹ்வும் வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகலாம், ஆனால் அவன் கத்தி அவனுக்கு மட்டும், வாயில் வைக்கவே கூடாது, காயத்தை மூடிவைக்க வேண்டும்.

நான் இவரிடம் சொன்னது பொய்யே இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லைதான். அந்த உண்மையை நம்பியே என் தம்பி போயிருப்பான்.

கிளம்பும்போது கேட்டேன், "தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வைக்கணுமா டாக்டரம்மா?"

"அதெல்லாம் வேணாம்மா. சேந்து சாப்பிடுறதால, ஒரே டம்ளர்ல குடிக்கறதால இது பரவாது. யாரு சொன்னா உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் வைத்தேன். கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டே இவருடைய டம்ளரில் நூல் கட்டினேன். இவர் கடைசி வரைக்கும் அந்த மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஜூன் 14, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து சிக்கந்தர் கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டான், தனக்கு இருக்கிறது என்று. நான் சொல்லச் சொல்லவில்லை. நாகூர் கனி அண்ணனும் இன்னொருவரும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். மற்றவர்கள் போகவில்லை. டீக்கடை ஆணியில் இப்போது சிவப்புப் பெயின்ட் அடித்த கிளாஸ் இரண்டு தொங்குகிறதாம்.

நத்தத்துக்கு நானே போன் போட்டுப் பெண்ணின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லட்டும்.

இவர் கத்தியை ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி, கொதிக்கவைத்து, துடைத்துப் பூட்டி வைத்தேன். வழக்கம் எதுவானாலும் அது இனி யார் கைக்கும் போகாது.

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். தெரு முழுக்கத் தக்பீர் ஓதும் சத்தம். சிக்கந்தர் இந்த வருஷம் எந்த வீட்டுக்கும் அறுக்கப் போகவில்லை. கூப்பிட்ட வீடுகளும் அவனைத் தேடவில்லை.

தொழுதுவிட்டு என்னைப் பார்க்க வந்தான். உதட்டுக் காயம் காய்ந்திருந்தது. உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றான். டீ போட்டேன். அடுப்படிப் பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "எனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிட்டியா லாத்தா?"

பலகையில் இவருடைய டம்ளர் கவிழ்ந்தே இருந்தது, நூலோடு. எடுத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். டீயை ஊற்றி முதலில் நான் ஒரு வாய் குடித்தேன். மிச்சத்தை அவனிடம் நீட்டினேன். வாங்கி, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, அழுதுகொண்டே குடித்தான்.

அவன் குடித்து வைத்த டம்ளரில் இன்னும் ஒரு மடக்கு இருந்தது. அதையும் நான் குடித்தேன். இவருக்கு இதை ஒரு நாள்கூட நான் செய்யவில்லை.